ரெண்டு இட்லி

ஜூலை 1, திங்கள்

இந்த நோட்டின் முன்பக்கத் தாள்கள் நீரஜாவுக்கு, கடைசித் தாளிலிருந்து திருப்பி எழுதுவது எனக்கு.

காலை மீட்டிங்கில் டயட் டிபார்ட்மென்ட் டயட்டீஷியன் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தாள் நீரஜா. எங்கள் தலைமை டயட்டீஷியன். தினமும் வாயில் போடுவதை ஒன்றுவிடாமல் எழுதி, வாரா வாரம் தாளைக் கிழித்து அவள் மேஜையில் வைக்க வேண்டுமாம். திங்கட்கிழமைகளில் எல்லோருக்கும் எடை பார்க்கப்படுமாம். செப்டம்பரில் ஊட்டச்சத்து வாரம் வருகிறது, ஆஸ்பத்திரிக்கு நாங்கள்தான் முகமாம்.

இதெல்லாம் யாருக்காக என்று எனக்குத் தெரியாதா? போன வாரம் ஒரு பெண் கருத்துப் பெட்டியில் சீட்டு போட்டிருக்கிறாள். ‘ஒன்பதாம் நம்பர் ரூம் டயட்டீஷியனே பூசணிக்கா மாதிரி இருக்காங்க. அவங்க எனக்கு என்ன சொல்லிக் குறைக்கப் போறாங்க?’ நீரஜா இதை என்னிடம் தனியாகக் காட்டியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் வாசித்தாள். பூசணிக்காய் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே வாசித்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“நாமளே ஒரு உதாரணமா இருக்க வேண்டாமா, குணவதி? எழுவத்தஞ்சுக்குக் கீழ வாங்க. அன்னிக்கே ரூம் உங்களுக்கு. அதுவரைக்கும் கிச்சனப் பாத்துக்குங்க.”

பதினான்கு வருடமாக நான் உட்கார்ந்த நாற்காலி அது. மெஷினில் ஏறினேன். “எண்பத்தி மூணு புள்ளி நாலு” என்று பக்கத்து வார்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

நாற்காலி எனக்குத் திரும்ப வேண்டும். அவளும் ஒருநாள் நாலு பேர் முன்னால் இப்படி நிற்க வேண்டும். இரண்டும் நடக்காமல் விடமாட்டேன்.

முன்பக்கம் எழுதியது: காலை இரண்டு இட்லி, சாம்பார் ஒரு கிண்ணம்.

ஜூலை 3, புதன்

ரெண்டு இட்லி என்றால் என்னவென்று எங்களுக்குத்தான் தெரியும். நோயாளி வந்து உட்கார்ந்ததும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, “நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னென்ன சாப்டீங்க?” பத்தில் ஒன்பது பேர் ரெண்டு இட்லியில்தான் ஆரம்பிப்பார்கள். கோயம்புத்தூரே தினம் ரெண்டு இட்லி சாப்பிட்டால் எங்களுக்கு ஏது வேலை? ரெண்டு என்றால் நாலு, சில சமயம் ஐந்து. வெட்கப்படுகிறவர்கள் வாயில்தான் அது ரெண்டாகிவிடும்.

நீரஜாவின் தாள் மாதிரிக்காக நோட்டீஸ் போர்டில் குத்தப்பட்டிருக்கிறது. காலை இரண்டு இட்லி. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய்தான். ஆனால் எந்தப் பக்கத்துப் பொய் என்று யோசிக்க வேண்டியிருந்தது. அவள் உடம்புக்கு ரெண்டே அதிகம்.

கிச்சனில் என் வேலை, வார்டுக்குப் போகும் முன் பதினொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டி எடுத்துச் சுவை பார்த்துக் கையெழுத்துப் போடுவது. உப்பில்லாதது, சர்க்கரைக்காரர்களுக்கானது, குழைய வேகவைத்தது என்று மூன்று வேளையும். எடை குறைக்கச் சொல்லிவிட்டு என்னை அடுப்படிக்கு அனுப்பிய புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல!

தலைமைச் சமையல்காரி ரங்கம்மாக்கா சொன்னாள்: “நீங்க இங்க வந்தது எங்களுக்குக் கொண்டாட்டந்தானுங். ஆனா உங்க மொகத்தப் பாத்தா எழவு ஊட்டுக்கு வந்தாப்பல இருக்குது.”

ஜூலை 8, திங்கள்

82.6.

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். நீரஜா தினமும் காலை ஏழு நாற்பதுக்கு, யாரும் வருவதற்கு முன் எடை பார்க்கிறாள். கிச்சன் ஜன்னலிலிருந்து டிபார்ட்மென்ட் மெஷின் நேராகத் தெரியும். செருப்பைக் கழற்றினாள். கைக்கடிகாரம், வளையல், கம்மல், கடைசியில் தலையில் குத்தியிருந்த ஹேர்பின்கூட. ஹேர்பின் எத்தனை கிராம் இருக்கும்? ஏறி நின்று மெஷின் கம்பியில் குண்டை நகர்த்திப் பார்த்தாள். உதடு அசைந்ததில் ஐம்பத்தொன்று போலிருந்தது. சரசுவதி பூஜைக்குக் கும்பிடுவதுபோல் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டாள்.

நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13, சனி

எங்கள் மெஷின் பழைய மாதிரி. மேலே கம்பி, கம்பியில் நகர்த்துகிற குண்டு. டிஜிட்டல் மெஷின் பேட்டரி இறங்கினால் பொய் சொல்லும் என்பது நீரஜாவின் கட்சி. நோயாளிகளுக்கு ஓ.பி.யில் வேறு இருக்கிறது. இது எங்களுக்கு மட்டும்.

சனிக்கிழமைதோறும் கிச்சனிலிருந்து பத்துக் கிலோ எடைக்கல்லைக் கொண்டுபோய் இதன்மேல் வைத்து, சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கிச்சன் பொறுப்போடு இதுவும் என் தலையில் விழுந்தது. கம்பியின் இடது ஓரத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு ஸ்க்ரூ. அதைத் திருகித்தான் பூஜ்ஜியத்தைச் சரிசெய்வோம்.

அரைத் திருகு திருகினேன். பத்துக் கிலோ கல் பத்தே முக்கால் அளவுக்குப் போயிற்று. பயந்து கொஞ்சம் பின்னால் திருப்பினேன். பத்து கிலோ முந்நூறு கிராம். அது போதும். ஆள் இல்லாதபோது கம்பி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்காமல் கொக்கியில் மாட்டிவிட்டேன்.

பதிவேட்டில் ‘சரியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கும்தான் முந்நூறு கிராம் கூடும். கூடட்டும்.

ஜூலை 15, திங்கள்

ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். தாலிக்கொடியைத் தூக்கிக் கையில் பிடித்துப் பார்த்தாள், அதுவும் சேர்ந்துதானே நிற்கிறது? பிறகு கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஏறினாள்.

மதியம் அவள் டப்பா திறக்கப்படாமலேயே வீட்டுக்குப் போயிற்று. நான் இரண்டு கரண்டி தயிர்ச்சாதம் கூடுதலாகச் சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ருசித்தது.

ஜூலை 22, திங்கள்

81.5. சனிக்கிழமை இன்னொரு முந்நூறு.

அவள் வாரம் முழுக்கப் பட்டினி கிடந்து இறக்குகிறாள், நான் ஒரு விரலால் ஏற்றிவிடுகிறேன். மீட்டிங்கில் எரிந்து விழுகிறாள். யாரோ பிறந்தநாள் கேக் கொண்டுவந்ததற்கு, “டயட் டிபார்ட்மென்ட்ல மைதாவா?” என்று ஒரு பிரசங்கம். கேக்கைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. பூசணிக்காய் என்ற இடத்தில் அவள் நிறுத்தினாளே, அந்த நிறுத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். பசியில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 30, செவ்வாய்

என் வீட்டுக்காரர் பழனிவேல் காலையில் கேட்டார்: “குணா, மோதரம் எங்க?” கழன்று விழுகிறது, பீரோவில் வைத்திருக்கிறேன் என்றேன். “ஒடம்பு சரியில்லையா? பாத்ரூம்ல உம் முடி பந்து பந்தாக் கெடக்குது.” உப்புத் தண்ணீர் என்றேன்.

இந்த வீட்டுக்கு ஒன்பது வருடமாக அதே தண்ணீர்தான் வருகிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

79.8. மூன்று வருடத்தில் முதல்முறையாக எழுபதுகளில்.

ஓ.பி. வராந்தாவில் ஜெயக்கொடி டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். சர்க்கரைக்கு ஆறு வருடமாக என்னிடம்தான் வருகிறவர்.

“எங்க போனீங்க? ஒம்போதுல ஏதோ ஒரு சின்னப் புள்ள குச்சியாட்டம் உக்காந்துட்டு இருக்குது. நேத்து என்ன சாப்டீங்கங்குது. ரெண்டு இட்லின்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.”

“ஏன் டீச்சர், அதுவும் நல்லாப் படிச்ச பொண்ணுதான்.”

“படிச்சிருக்கும். அதுங்கிட்டப் போய் நாலு இட்லி, ரெண்டு போண்டா, மிச்சமிருந்த கேசரின்னு எப்படீங்க சொல்றது? உங்ககிட்டன்னா சொல்லலாம். நீங்களும் திங்கறவங்கதானே!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கிச்சனுக்கு வந்த பிறகுதான் எரிந்தது. ஆறு வருடமாக அவருடைய சர்க்கரையைப் பிடித்து வைத்திருந்தது என் படிப்பு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? என் தொப்பையாமே!

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்றைக்கு எனக்குத் தீபாவளி.

நீரஜா கிச்சனுக்கே வந்தாள். கதவோரம் நின்றாள். குரல் எப்போதும் மாதிரி இல்லை.

“குணவதி, அந்த மெஷின் சரியாத்தான் இருக்கா?”

“சனிக்கிழமை கல்லு வெச்சுப் பாத்தேன் மேடம். ரெஜிஸ்டர்ல கையெழுத்தும் போட்டிருக்கேன். ஏன் மேடம், ஏதாவது?”

“இல்ல, சும்மா.” கொஞ்ச நேரம் சாம்பார்ப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு வெடித்திருந்தது. “வயசாயிட்டா எறங்க மாட்டேங்குது, இல்ல?”

“நீங்கதான் சொல்லுவீங்களே மேடம், மனசு வெச்சா எறங்கும்னு.”

தலையாட்டிவிட்டுப் போனாள். அவளுடைய வாக்கியத்தை அவளுக்கே திருப்பிக் கொடுத்ததில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. மதியமும் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

ரங்கம்மாக்கா பார்த்துவிட்டாள். சுவை பார்த்துவிட்டுத் தொட்டியில் துப்புவதை.

“ஏனுங் மேடம், ஆறு வாரமா பாக்கறேன், மொதல்ல முழுங்கிட்டிருந்தீங்க. நாஞ் சமச்சதத் துப்பறீங்களே, அவ்வளவு கேவலமாவா இருக்குது?”

“இல்லக்கா, பதினோரு கரண்டி மூணு வேளைன்னா கணக்கு எங்கியோ போயிரும்.”

“என்னமோ போங்க. சீக்காளிகளே தட்ட வழிச்சுத் திங்குதுங்க. பாத்துச் சொல்ற நீங்க துப்பறீங்க.”

அவளுக்கு என்ன தெரியும்?

ஆகஸ்ட் 19, திங்கள்

77.3.

ஆகஸ்ட் 24, சனி

ஸ்க்ரூ இதற்கு மேல் போகவில்லை. கல்லை வைத்தேன், பன்னிரண்டு கிலோ காட்டியது. முழுசாக இரண்டு கிலோ பொய். கையெழுத்துப் போட்டேன்.

நீரஜாவின் கைப்பை திறந்து கிடந்தது. நான் ஒன்றும் துழாவவில்லை, திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மாத்திரை அட்டை. சிறுநீர் அதிகம் போக வைக்கிற மாத்திரை. இதய நோயாளிகளுக்குக் கால் வீங்கினால் கொடுப்பது. பத்தில் ஏழு காலி.

அதை யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். எழுதுகிறேன், அதனால் எனக்கு அது தெரிந்துதான் இருக்கிறது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

76.3. இன்னும் ஒன்றே கால் கிலோவும் ஒரு பிடியும். மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறது. நாற்காலி கிட்டே வந்துவிட்டது, இப்போது விடக்கூடாது.

முன்பக்கம் எழுதியது: காலை இரண்டு இட்லி. (ஒன்றுகூட இல்லை.)

செப்டம்பர் 2, திங்கள்

75.4.

“நானூறு கிராம்தானே மேடம்,” என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

“நானூறு கிராமும் கிராம்தான் குணவதி. அடுத்த வாரம் பாக்கலாம்.” என்னைப் பார்க்காமலே சொன்னாள். விரல் நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. அவளுக்கு இன்று ஐம்பத்தொன்று புள்ளி ஒன்று.

வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

செப்டம்பர் 4, புதன்

நடந்துவிட்டது.

ஊட்டச்சத்து வார விழா. கலையரங்கம் நிறைய ஆள். முதல் வரிசையில் சேர்மன். மேடையில் வாழையிலை அகலத்துக்கு ஒரு அட்டைத் தட்டு, அதில் பாதி காய்கறி, கால் சோறு, கால் பருப்பு. நீரஜா பட்டுச்சேலையில் வந்து மைக்கைப் பிடித்தாள். “அளவோட சாப்டறது ஒரு ஒழுக்கம். பட்டினி கிடக்கறது வைத்தியம் இல்ல...” என்றாள். அடுத்த வாக்கியத்துக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அட்டைத் தட்டைப் பிடிக்கப் போய் அதோடு சேர்ந்து விழுந்தாள்.

இருநூறு பேர் பார்த்தார்கள். நான் கேட்டது நாலு பேர். கிடைத்தது இருநூறு.

ஒரு நிமிடம், எழுதிவிடுகிறேன், ஒரு முழு நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஓடினேன். மேடையோரம் நான்தான் நின்றிருந்தேன், நான்தான் தூக்கினேன். பதினான்கு வருடம் எடை பார்த்த கை இது. ஐம்பத்தொன்று இல்லை என்று கைக்கு உடனே தெரிந்துவிட்டது. சேலைக்குள் தோள் எலும்பு என் உள்ளங்கையில் குத்தியது.

அவளை ஸ்ட்ரெச்சரில் கிடத்திய பிறகு எனக்கும் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

ரத்தத்தில் பொட்டாசியம் அதலபாதாளத்துக்குப் போயிருக்கிறது. மாத்திரையும் மூன்று நாள் பட்டினியும். இதயம் நிற்காமல் இருந்ததே பெரிசு என்றார் டாக்டர். பிழைத்துக்கொண்டாள்.

அட்மிட் ஆன எவருக்கும் ஒரு டயட்டீஷியன் போய்க் கேள்வி கேட்டு உணவு எழுதித்தர வேண்டும். தலைவியிடம் போகப் பயந்து மற்றவர்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள். படிவத்தோடு போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

“நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னென்ன சாப்டீங்க, மேடம்?”

சிரிக்க முயன்றாள். “என்கிட்டயே கேக்கறீங்க, இல்ல?” பிறகு சொன்னாள்: “கருப்புக் காபி. முந்தா நாள் ஒரு வெள்ளரிக்கா. அதுக்கு முந்துன நாள் தெரியல.”

எழுதினேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு உண்மையான பதிலை நான் எழுதியதில்லை.

“வீட்ல ஒரு மெஷின் இருக்கு குணவதி. அதுல நாப்பத்தி ஒம்போது. இங்க அம்பத்தொண்ணு. ஒண்ணு தப்புன்னு எனக்குத் தெரியாதா? ஆனா கூடக் காட்டறதத்தானே நம்பத் தோணுது.”

என் பேனா நின்றது.

“பதினோரு வருஷம் முன்னால இங்க இன்டர்வியூ. சேர்மன் என் சர்டிபிகேட்டத் திருப்பிக்கூடப் பாக்கல. ‘பாத்தாலே ஆரோக்கியமாத் தெரியறீங்கம்மா’ன்னாரு. அன்னிக்கு நான் அம்பத்தொண்ணு. அதுல இருந்து ஒரு நாள்கூட அம்பத்திரெண்டு ஆனதில்ல.” கண்ணை மூடிக்கொண்டாள். “அந்தச் சீட்ட எல்லார் முன்னாலயும் படிச்சிருக்கக் கூடாது. படிக்கும்போதே தெரிஞ்சுது. நிறுத்த முடியல.”

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. வாய் வரை வந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டாள் என்பதற்காக எல்லாம் ஆறிவிடுமா? எனக்கு ஆறவில்லை. ஸ்க்ரூவைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

எழுந்தபோது கேட்டாள்: “நீங்க நேத்து என்ன சாப்டீங்க, குணவதி?”

“ரெண்டு இட்லி, மேடம்.”

இருவரும் ஒரே தொழில்தான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். முதல் நாளுக்கு இளநீர், அரிசிக் கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக என்று எழுதியிருக்கிறேன். பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் தாங்காது.

செப்டம்பர் 7, சனி

சேர்மன் கூப்பிட்டு அனுப்பினார். நீரஜா மூன்று மாத லீவாம். அதுவரை டிபார்ட்மென்ட் என் பொறுப்பு. ஒன்பதாம் நம்பர் அறையும் திங்களிலிருந்து என்னுடையது.

“ரொம்ப எளச்சுட்டீங்க,” என்று மேலும் கீழும் பார்த்தார். “நல்ல முயற்சி. இப்பப் பாத்தாலே ஆரோக்கியமாத் தெரியறீங்கம்மா.”

நன்றி சார் என்றேன்.

நேராக மெஷினுக்குப் போனேன். ஸ்க்ரூவைத் திருப்பினேன். கல்லை வைத்தேன், பத்துக்குப் பத்து. பிறகு ஏறினேன்.

72.8.

இறங்கி உட்கார்ந்து, இந்த நோட்டைப் புரட்டி ஒவ்வொரு திங்கட்கிழமையிலும் நான் திருகியதைக் கழித்தேன். ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதியே எழுபத்து நாலு புள்ளி மூன்று. பன்னிரண்டு நாளாக அந்த நாற்காலி என்னுடையது. திருகியவள் நான். எவ்வளவு திருகினேன் என்று கையெழுத்தோடு தெரிந்தவள் நான். ஏறி நின்று அதை நம்பித் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்தவளும் நான்தான்.

ரங்கம்மாக்கா எனக்குத் தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றி வைத்தாள். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

காலை ஏழரைக்கெல்லாம் ஐந்து பேரும் மெஷின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். நான் நம்பர் படிப்பேன் என்று காத்திருக்கிறார்கள். “போட்டுக்கிட்டுப் போய் வேலையப் பாருங்க,” என்றேன். ஒருத்தி மட்டும், “இல்ல மேடம், ஒரு தடவ மட்டும்,” என்று ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஒன்பதாம் நம்பர் அறை. அதே நாற்காலி. உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருக்கிறது. ஜெயித்துவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

முதல் சீட்டு ஜெயக்கொடி டீச்சர். சர்க்கரை முந்நூற்றுப் பத்து. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துத் தயங்கினார்.

“அட, நீங்களா? அடையாளமே தெரியல. எப்படி எளச்சுட்டீங்க!”

“உக்காருங்க டீச்சர். எல்லாம் பழையபடிதான். சொல்லுங்க, நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னென்ன சாப்டீங்க?”

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். சேலைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். என் கழுத்தெலும்பைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார்.

“ரெண்டு இட்லிதானுங்க,” என்றார்.

எழுதிக்கொண்டேன்.